செகண்ட் ஹேண்டில் பேக்கப் செட் வாங்குவது: மொபைல் டிஜேக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, கல்லூரி ஆண்டு விழா என்று செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் டிஜேக்களுக்காக இதை எழுதுகிறேன். மெயின் செட் ஓரளவு சேர்ந்ததும் எல்லோருக்கும் வரும் பயம் ஒன்றுதான்: நடு நிகழ்ச்சியில் ஏதாவது நின்றுபோனால் என்ன செய்வது? இன்னொரு செட்டைப் புதிதாக வாங்கக் கையில் காசு இருக்காது. பழசு வாங்கலாமா, எதை வாங்கலாம், எப்படிப் பார்த்து வாங்குவது என்று தம்பிகள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் திருச்சியை மையமாக வைத்துத் தொழில் செய்கிறேன். கரூர், நாமக்கல், பெரம்பலூர் பக்கமெல்லாம் போவேன். கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

என் செட் இதுவரை ஒருமுறைகூட நின்றதில்லை. பேக்கப் அவசியம்தானா?

அவசியம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாமக்கல் பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். இரவு எட்டேகால் மணி, பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வரப்போகிறார்கள். கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, விளக்கெல்லாம் ஒருமுறை பளீரென்று எரிந்து அடங்கியது. லேப்டாப்போடு இணைத்துப் பாட்டுகளை இயக்கும் என் கண்ட்ரோலருக்கு மட்டும் மறுபடி உயிர் வரவில்லை. வண்டியில் இன்னொரு பழைய கண்ட்ரோலர் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து மேசையில் வைத்தபிறகுதான் தெரிந்தது, அதன் அடாப்டர் வீட்டிலேயே இருக்கிறது. மாலையும் கழுத்துமாகப் பொண்ணு வாசலில் நிற்கிறாள். வீடியோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்க்கிறார். காலையில் முகூர்த்தத்துக்கு வாசிக்க வந்திருந்த நாதஸ்வரக்காரர்தான் நிலைமையைப் புரிந்துகொண்டு, யாரும் கூப்பிடாமலேயே எழுந்து வந்து வாசித்தார். அன்றைக்கு அந்தக் குடும்பத்தின் மானத்தையும் என் மானத்தையும் காப்பாற்றியவர் அவர்.

அன்று என்னிடம் பேக்கப் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஓடுகிற நிலையில் இல்லை, அவ்வளவுதான். அடாப்டர், கேபிள், பாட்டு எல்லாம் சேர்ந்து, ஒரு நிமிஷத்துக்குள் சத்தம் வருகிற நிலையில் இருப்பதுதான் பேக்கப். இனி வரும் பதில்கள் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தை மனதில் வைத்துச் சொன்னவை.

எதற்கு முதலில் பேக்கப் வாங்குவது?

பலரும் கண்ட்ரோலரில் ஆரம்பிக்கிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் கைவிடுவது கேபிள்கள். அப்புறம் பவர் கார்டு, பென் டிரைவ், மைக். அதற்குப் பிறகுதான் லேப்டாப், கண்ட்ரோலர், ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர் எல்லாம்.

அதனால் முதல் செலவு மிகச் சின்னது. யுஎஸ்பி கேபிள் இரண்டு, மைக்கையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிள் நான்கு, கண்ட்ரோலரை மிக்சரில் இணைக்கும் ஆர்சிஏ கேபிள் ஒரு ஜோடி, பவர் கார்டு மூன்று, வயர் மைக் ஒன்று, போனிலிருந்து மிக்சருக்குப் போகிற 3.5 மில்லிமீட்டர் கேபிள் ஒன்று. போனுக்குள் இரண்டு மணி நேரத்துக்கான பாட்டுகளை டவுன்லோடு செய்தே வைத்திருங்கள். வாசிக்கும்போது போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் முதல் நடனத்தின் நடுவில் யாருடைய அழைப்போ மண்டபம் முழுக்க ஒலிக்கும்.

இந்த ஒரு பை தயாரானபிறகு பெரிய சாமான்களைப் பற்றி யோசிக்கலாம்.

எதைப் பழசாக வாங்கலாம்? எதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்?

எந்தப் பொருளுக்கு வயசு எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். மரப் பெட்டியில் இருக்கும் பாசிவ் ஸ்பீக்கர் (உள்ளே ஆம்ப் இல்லாதது), பழைய கனமான ஆம்ப், சின்ன அனலாக் மிக்சர், ஸ்டாண்ட், ஃபிளைட் கேஸ் ஆகியவை சரியாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷம் கழித்தும் அப்படியே ஓடும். கெட்டுப்போனாலும் நம் ஊர் மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சரி செய்துவிடுவார். இவற்றைத் தைரியமாகப் பழசில் வாங்குங்கள்.

பென் டிரைவ், ரீசார்ஜ் பேட்டரி, யுபிஎஸ் பேட்டரி, யுஎஸ்பி கேபிள் ஆகியவற்றைப் பழசில் வாங்கவே வேண்டாம். வெளியே பார்த்து அவற்றின் ஆயுளைக் கண்டுபிடிக்க வழியில்லை.

நடுவில் இருப்பவை கண்ட்ரோலர், லேப்டாப், ஆக்டிவ் ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருப்பது), ஒயர்லெஸ் மைக். வாங்கலாம், ஆனால் உட்கார்ந்து சோதித்தபிறகுதான்.

பேக்கப் கண்ட்ரோலர் மெயினில் இருக்கும் அதே மாடலாக இருக்க வேண்டுமா?

அதே மாடல் கிடைத்தால் மிகவும் நல்லது. அடாப்டர், கேபிள், சாஃப்ட்வேர் எல்லாம் பொது. கை தேட வேண்டியதில்லை. ஒன்று முழுதாகப் போய்விட்டால் அதன் நாப் (திருகு), ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளும் குமிழ்) எல்லாம் மற்றதற்கு ஸ்பேர் ஆகும்.

கிடைக்காவிட்டால் அதே சாஃப்ட்வேரில் ஓடும் ஒரு படி கீழான மாடலைப் பாருங்கள். ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே சாஃப்ட்வேரைப் பயன்படுத்துபவர்களுக்குப் பயனியரின் டிடிஜே-400 ஒரு நல்ல தேர்வு. 2018-இல் வந்தது. பிறகு டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 வந்ததும் பலர் மாறிக்கொண்டதால் பழசில் நிறையக் கிடைக்கிறது. அதற்குத் தனி அடாப்டர் கிடையாது, லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்கிறது. மண்டபத்தில் கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் கண்ட்ரோலர் அணையாமல் நிற்கும். ஜெனரேட்டர் மாறுகிற அந்தச் சில விநாடிகளில் இந்த ஒரு குணத்தின் அருமை தெரியும்.

செராட்டோ என்ற இன்னொரு சாஃப்ட்வேரில் வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது லைசென்ஸ். டிடிஜே-எஸ்பி3 மாதிரி கண்ட்ரோலர்கள் செராட்டோ டிஜே லைட் என்ற எளிய பதிப்போடு வருபவை. முழுப் பதிப்பான ப்ரோ வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும். விற்பவர் லேப்டாப்பில் ப்ரோ ஓடுகிறதே என்று நினைத்து வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து ஏமாந்தவர்கள் உண்டு.

பழைய கண்ட்ரோலரை எப்படிச் சோதிப்பது?

உங்கள் லேப்டாப், உங்கள் கேபிள், உங்கள் ஹெட்போன் மூன்றையும் கொண்டு போங்கள். விற்பவர் லேப்டாப்பில் ஓடிக் காட்டுவது உங்களுக்கு உதவாது. அந்த மாடலின் டிரைவர் உங்கள் விண்டோஸிலோ மேக்கிலோ ஏறுகிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பழைய மாடல்கள் பலவற்றுக்குப் புதிய மேக் பதிப்புகளில் டிரைவர் இல்லை.

கேபிளைச் செருகியதும் முதல் வேலை, யுஎஸ்பி செருகும் இடத்தில் கேபிளை மெல்ல மேலும் கீழும் அசைப்பது. இணைப்பு துண்டித்துத் துண்டித்து வந்தால் உள்ளே சாக்கெட்டின் ஈயம் விட்டிருக்கிறது. நல்ல மெக்கானிக் இருந்தால் சரி செய்யக்கூடிய பழுதுதான். அந்தக் காசை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

அடுத்து ஃபேடர்கள். ஒவ்வொன்றையும் மிக மெதுவாக அடியிலிருந்து உச்சி வரை தள்ளி, சாஃப்ட்வேர் திரையில் உள்ள ஃபேடரைப் பாருங்கள். உங்கள் கை நின்றபிறகும் திரையில் அது நடுங்கினால் தேய்மானம். அடிமட்டத்துக்குக் கொண்டு வந்தபிறகும் பாட்டு லேசாகக் கசிந்தால் அதுவும் தேய்மானம். வெறும் தூசியாக இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்ததும் சரியாகிவிடும். துரு நீக்க அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை ஃபேடரில் அடித்தால் அன்றைக்கு நன்றாக ஓடும். பிறகு அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டி முன்பைவிட மோசமாகும். விற்பதற்கு முன்தினம் இப்படி அடித்துக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். ஃபேடர் இடுக்கில் எண்ணெய் வாடை வருகிறதா என்று மோந்து பாருங்கள்.

பேட் (சதுரப் பட்டன்) ஒவ்வொன்றையும் அழுத்துங்கள். ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை அடிக்கிறதா? ஜாக் வீலின் (கையால் சுற்றும் பெரிய வட்டின்) மேல்தட்டை ஒரே விரலால் தொட்டால் பாட்டு நிற்கிறதா? ஹெட்போனில் இரண்டு காதும் கேட்கிறதா? மாஸ்டர் அவுட்டில் இடம், வலம் இரண்டும் ஒரே அளவில் வருகிறதா? இதெல்லாம் முடிந்தபிறகு அரை மணி நேரம் பாட்டை ஓடவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். சூடேறியபிறகு தலைகாட்டும் பழுதுகள் நிறைய.

பழைய சிடிஜே, எக்ஸ்டிஜே பேக்கப்புக்கு ஆகுமா?

பென் டிரைவைச் செருகினாலே பாட்டை ஓட்டும் டிஜே பிளேயர்கள் இவை. லேப்டாப்பே வேண்டாம் என்பதால் நல்ல பேக்கப்தான். ஆனால் பாட்டு ஃபைல்களைப் பாருங்கள். முதல் சிடிஜே-2000 நெக்ஸஸ் ஃபிளாக் ஃபைலை (தரம் குறையாமல் சுருக்கிய பாட்டு ஃபைலை) வாசிக்காது. 2016-இல் வந்த நெக்ஸஸ்2 வாசிக்கும். இந்த வரிசைக்கு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்த பென் டிரைவும் பிடிக்காது, ஃபேட்32 வேண்டும். வாங்கப்போகும்போது நீங்கள் நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகும் அதே பென் டிரைவைச் செருகிப் பாருங்கள்.

ஸ்பீக்கரை எப்படிப் பார்த்து வாங்குவது?

இதில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

முதலில் கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். அவர் போடுவது பேஸ் நிறைந்த பாட்டாகத்தான் இருக்கும். அதில் எந்தப் பெட்டியும் நன்றாகவே கேட்கும். நீங்கள் பத்து வருஷமாகக் கேட்டுப் பழகிய ஒரு பாட்டு, பெண் குரலும் வயலினும் தெளிவாக வருவதாக, அதைப் போடச் சொல்லுங்கள். மெதுவான சத்தத்தில் முதலில் கேளுங்கள். பிறகு போனில் உள்ள டோன் ஜெனரேட்டர் செயலியில் 40 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். எங்காவது கரகரவென்றோ கட்டையில் ஆணி ஆடுவது போலவோ சத்தம் வந்தால் அங்கே பழுது. பெட்டியின் இணைப்பு விட்டிருக்கலாம், கோன் (முன்னால் அசையும் கூம்புத் தாள்) கிழிந்திருக்கலாம், வாய்ஸ் காயில் (அதன் பின்னால் உள்ள கம்பிச் சுருள்) உரசலாம்.

அடுத்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டு முன்பக்க ஜாலியை (இரும்பு வலையை) கழற்றச் சொல்லுங்கள். கழற்ற முடியாது என்றால் அந்தப் பெட்டி வேண்டாம். இரண்டு கையின் விரல்களையும் கோனின் இருபுறமும் ஒரே சீராக வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். பஞ்சைத் தொடுவது போல எந்தச் சத்தமும் இல்லாமல் உள்ளே போய் வெளியே வர வேண்டும். மணலில் காலை இழுப்பது போல ஓர் உரசல் விரலுக்குத் தெரிந்தால் வாய்ஸ் காயில் வெந்து வளைந்திருக்கிறது. காதுக்குக் கேட்காத உரசல்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்பீக்கருக்குக் காயில் கட்டும் ஒரு பெரியவர். "தம்பி, காது பொய் சொல்லும், விரல் சொல்லாது" என்பார். கடையில் வந்த ஒவ்வொரு கோனையும் கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்துவார்.

மல்டிமீட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். 8 ஓம் என்று எழுதியிருக்கும் டிரைவரை மீட்டரில் வைத்தால் ஏறக்குறைய 6 ஓம் காட்டும். அது சரிதான், பயப்பட வேண்டாம். 4 ஓம் டிரைவர் 3 ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே ஷார்ட்.

ஜோடியாக வாங்கினால் இரண்டையும் ஒரே பாட்டில், ஒரே அளவில், மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒன்றில் மேல் சத்தம் மங்கியிருந்தால் அதில் மேல் சத்தம் தரும் டயாபிரம் (மெல்லிய தகடு) போயிருக்கலாம் அல்லது வேறு கம்பெனி டயாபிரம் போட்டிருக்கலாம். கோன் மாற்றிய ஸ்பீக்கர் என்றால் தப்பில்லை, நன்றாகக் கட்டியிருந்தால் ஓடும். ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும், ஒரிஜினல் விலை கேட்கக் கூடாது.

ஆக்டிவ் ஸ்பீக்கரா, பாசிவ் ஸ்பீக்கரா?

மெயினுக்கு ஆக்டிவ் வசதி. தூக்கி வைத்தோம், ஒரு பவர் கார்டு, ஒரு எக்ஸ்எல்ஆர், முடிந்தது. பேக்கப்புக்கு நான் பாசிவ் பக்கம்தான் நிற்பேன். ஆக்டிவ் ஸ்பீக்கரில் ஆம்பும் புராசசரும் ஒரே பலகையில் இருக்கும். பழைய மாடலில் அந்தப் பலகை போனால் மாற்றுப் பலகை கிடைப்பது கஷ்டம், ஒலிக்காத பெட்டி ஒன்று மிச்சமாகும். பாசிவில் ஆம்ப் போனால் ஆம்பை மட்டும் மாற்றலாம். பக்கத்து ஊர் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஒரு அகுஜா ஆம்போ ஸ்டுடியோமாஸ்டர் ஆம்போ வாங்கி வந்துகூட அன்றைய நிகழ்ச்சியை ஓட்டிவிடலாம்.

12 இன்ச் பாசிவ் ஒரு ஜோடி, ஒரு பழைய ஆம்ப். முந்நூறு பேர் உட்காரும் மண்டபத்தில் அவசரத்துக்கு இது போதும். பேக்கப்பிலும் பேஸுக்கான சப் ஸ்பீக்கர் வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாட்டு நிற்காமல் இருந்தால் அன்று யாரும் பேஸைத் தேட மாட்டார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய சாமானை எப்படிக் கண்டுபிடிப்பது?

2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடியிலும் வெள்ளம் வந்தது. 2015-இல் சென்னை மூழ்கியதையும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் புகுந்து காய்ந்த சாமான்கள் துடைத்து, பெயின்ட் அடித்து, வெளியூர்ச் சந்தைக்கு வருவதுண்டு. ஸ்பீக்கர் பெட்டியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பிளைவுட் ஓரத்தில் உப்பி இதழ் இதழாக விரிந்திருக்கும். போர்ட் ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் உள்ளே பஞ்சில் சேற்று நிறக் கோடு தெரியும். மிக்சரிலோ ஆம்பிலோ ஸ்க்ரூ தலைகளில் துரு இருக்கிறதா பாருங்கள். வெளி ஸ்க்ரூவை மாற்றியிருப்பார்கள், உள்ளே உள்ளதை யாரும் மாற்றுவதில்லை.

கடலோர ஊர்களில் பல வருஷம் ஓடிய சாமானுக்கும் இதே சோதனைதான். உப்புக் காற்றில் ஜாக் சாக்கெட்டுகளின் உள்ளே பச்சைப் பூத்திருக்கும்.

பழைய ஒயர்லெஸ் மைக் வாங்கலாமா?

மைக்கின் மேல் எழுதியிருக்கும் மெகாஹெர்ட்ஸ் எண்ணைப் படிக்காமல் வாங்காதீர்கள். 703 முதல் 748 வரையும், 758 முதல் 803 வரையும் உள்ள அலைவரிசைகள் இப்போது மொபைல் சேவைக்கு உரியவை. 2022 ஏலத்தில் இந்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஜியோ அலைவரிசை வாங்கியது. அதற்கு முன்னால் வாங்கிய மைக்குகள் பல இந்த இடத்தில்தான் ஓடுகின்றன. செல் டவர் பக்கத்தில் இருக்கும் மண்டபத்தில் அவை இரைச்சல் போடும், திடீரென்று அறுந்துபோகும். அந்த மைக்குகளை இப்போது குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்றால் காரணம் இதுதான். பேக்கப் மைக் என்பது வயர் மைக்காகவே இருக்கட்டும்.

எஸ்எம்58 ஒரிஜினலா என்று எப்படித் தெரியும்?

ஷூர் கம்பெனியின் இந்த மைக் 1966-லிருந்து வருகிறது, உலகம் முழுக்க இதற்குப் போலி உண்டு. ஒரிஜினல் 298 கிராம். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், மிகவும் லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எடை சரியாக இருந்தாலும் குரலைக் கேளுங்கள். தெரிந்த நண்பரின் ஒரிஜினலோடு பக்கத்தில் வைத்து ஒரே ஆள் பேசினால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

பேக்கப் லேப்டாப்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதனால் ஆபீஸ்களில் கழித்துவிட்ட லேப்டாப்புகள் சந்தையில் குவிகின்றன. அதில் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாக ஆகாதவை. எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம் என்று பார்த்து வாங்குங்கள். வாங்குமுன் லேட்டன்ஸிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிஷம் ஓடவிட்டால் பாட்டில் டிக் டிக் என்று சத்தம் வருமா என்பது தெரிந்துவிடும்.

மேக்புக் என்றால், 2018 முதல் வந்தவற்றில் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். நீக்காமல் விட்டால் அது பூட்டிய பெட்டி. அப்புறம், எந்த லேப்டாப்பாக இருந்தாலும் மேசையில் வைத்தால் ஆடுகிறதா பாருங்கள். அடிப்பாகம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம்.

சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த சாமான் என்கிறார்கள்…

பின்பக்கம் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் பயமில்லை, பிளக் மட்டும் மாற்றினால் போதும். வெறும் 120 வோல்ட் என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியே புகை. சிங்கப்பூரில் நம்மைப் போலவே 230 வோல்ட்தான், மூன்று பட்டைப் பிளக் மட்டும் வேறு.

யுபிஎஸ் தேவையா?

என் நாமக்கல் கதைக்குப் பிறகு யுபிஎஸ் இல்லாமல் நான் வண்டியை எடுப்பதில்லை. கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பழசாகவே வாங்கலாம், உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். கண்ட்ரோலர், மிக்சர், லேப்டாப் மட்டும் அதில். ஆம்பையும் ஆக்டிவ் ஸ்பீக்கரையும் அதில் செருகாதீர்கள், தாங்காது.

இதோடு சேர்த்து இன்னொன்று சொல்ல வேண்டும். மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 350, சில நேரம் 400 வோல்ட் வரை ஏறும். யுபிஎஸ்கூட அதைத் தாங்காமல் போகலாம். அதனால் மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலையாக நம் சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள். "அண்ணே, ஒருதடவை ஜெனரேட்டர்ல போட்டுக் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேட்டால் எந்த ஜெனரேட்டர்காரரும் மறுத்ததில்லை. அதிலும் ஒருமுறை அளந்துவிட்டுச் செட்டைச் செருகுங்கள். பழைய சாமானோடு எர்த் முள் வெட்டிய பவர் கார்டு வந்தால் அந்தக் கார்டைத் தூக்கிப் போடுங்கள். ஈரத் தரையில் மைக் பிடித்துப் பேசுகிறவரின் உயிர் அதில் இருக்கிறது.

எப்போது வாங்கினால் விலை குறையும்?

ஆடி, புரட்டாசி, மார்கழி. முகூர்த்தம் இல்லாத மாதங்களில்தான் தொழிலை விடுகிறவர்களும், கடனுக்கு மாதத் தவணை கட்டுகிறவர்களும் விற்க வருவார்கள். ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் நிறைய என்பதால் மைக் செட்காரர்கள் ஆம்பையும் கூம்பு ஸ்பீக்கரையும் விற்க மாட்டார்கள். டிஜே சாமான் மட்டும் கிடைக்கும். தை பிறந்துவிட்டால் பேரம் பேச முடியாது. சென்னைப் பக்கம் இருப்பவர்கள் ரிச்சி தெருவைச் சுற்றிப் பார்க்கலாம், கேபிளும் கனெக்டரும் வாங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பெரிய சாமானுக்கு, நீங்கள் நிகழ்ச்சியில் நேரில் பார்த்த டிஜே ஒருவரின் செட்டை வாங்குவதையே விரும்புவேன். அது எப்படி ஓடியது என்று கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

ஆன்லைன் விளம்பரத்தில் பார்த்து முன்பணம் அனுப்பலாமா?

வேண்டாம். ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, லாரி வாடகை மட்டும் அனுப்புங்கள் என்பது பல வருஷமாக நடக்கும் மோசடி. நீங்கள் விற்கும்போது, பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்பார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

திருட்டுச் சாமானாக இருந்தால்?

தெரிந்தே, அல்லது சந்தேகப்பட இடமிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் வாங்கியவரும் மாட்டுவார். சீரியல் நம்பர் சுரண்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பழைய பில் இல்லாவிட்டாலும், ஒரு வெள்ளைத் தாளில் மாடல், சீரியல் நம்பர், தேதி, தொகை எழுதி விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவருடைய அடையாள அட்டையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நேர்மையாக விற்பவர் இதற்குக் கோபப்படுவதில்லை. காசைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பினால் அதுவே ஒரு சாட்சி.

என்ன விலை கொடுக்கலாம்?

இன்று அதே வேலையைச் செய்யும் புதுப் பொருளின் விலையில் பாதிக்கு மேல் நான் கொடுப்பதில்லை. அவர் வாங்கிய விலை எனக்குக் கணக்கில்லை. மேலே சொன்ன சோதனையில் கண்ட ஒவ்வொரு பழுதுக்கும் மெக்கானிக் கூலியைக் கழிப்பேன். மொத்த பேக்கப் செட்டும் சேர்ந்து உங்கள் மூன்று நான்கு நிகழ்ச்சிகளின் வருமானத்துக்குள் அடங்கிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் அந்தக் காசை மெயின் செட்டில் போடுவதே நல்லது.

வாடகைக்கு எடுத்துக்கொண்டால் போதாதா?

பெரிய ஸ்பீக்கருக்குப் போதும். ஆனால் முகூர்த்த நாளில் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் வேலை. அன்று வாடகைக்குக் கிடைக்காது.

வாங்கியபிறகு எப்படி வைத்துக்கொள்வது? மண்டபத்தில் எங்கே வைப்பது?

மாதம் ஒருமுறை பேக்கப் செட்டில் மட்டும் ஒரு சின்ன நிகழ்ச்சியை முழுதாக நடத்துங்கள். பிறந்த நாள், வளைகாப்பு என்று ஏதாவது. பாட்டுகளைப் புதுப்பிக்கும் அன்றே இரண்டு பென் டிரைவிலும் புதுப்பித்துவிடுங்கள். ஒன்று மேசையில், இன்னொன்று உங்கள் சட்டைப் பையில். அடாப்டரைக் கண்ட்ரோலரின் பெட்டியிலேயே வெல்க்ரோ போட்டுக் கட்டிவிடுங்கள், வேறு எதற்கும் அதை எடுக்கக் கூடாது.

மண்டபத்தில் பேக்கப்பை வண்டியில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். என் மேசைக்கு அடியில் இப்போது ஒரு பழைய நான்கு சேனல் மிக்சர் இருக்கிறது. ஒரு சேனலில் மெயின் கண்ட்ரோலர், அடுத்ததில் பேக்கப் கண்ட்ரோலர், மூன்றாவதில் போன், நான்காவதில் வயர் மைக். நான்கும் ஆன் ஆகியே இருக்கும். பொண்ணு மாப்பிள்ளை வரும் பாட்டைப் போனில் முதல் விநாடியில் நிறுத்தி வைத்திருப்பேன். மெயின் நின்றால் ஒரு ஃபேடரை இறக்கி இன்னொன்றை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. போன வைகாசியில் முசிறி பக்கம் ஒரு ரிசப்ஷனில் லேப்டாப் உறைந்து நின்றபோது அப்படித்தான் ஏற்றினேன். மாப்பிள்ளையின் அக்கா ஆடிக்கொண்டிருந்தார். அவர் கால் நிற்கவே இல்லை.